குமரவேல் பெயரில் மாத்திரை

ஜூலை 8, 2003. செவ்வாய்

காலை ஆறரைக்கே வெக்கை. காற்றில்லை. தண்ணீர் லாரி நேற்று வரவில்லை, இன்றும் சந்தேகம். தெருமுனையில் பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் குடங்கள் நான்கு வரிசையில் நிற்கின்றன. ஆள் வீட்டில், குழம்பு வைத்துக்கொண்டு.

செய்ய வேண்டியவை: மூக்குக் கண்ணாடிக்குக் கால் மாற்ற. மின்கட்டணம். ராகவனுக்குப் பதில்.

ராகவன் எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்குப் பொறுப்பு. என்னைவிட இருபது வயது சின்னவர். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் இருபதுகளிலேயே ஏன் சாகிறார்கள் என்று ஒரு பக்கம் கேட்கிறார். ஒரு டாக்டர் பேட்டி போதும் என்கிறார். டாக்டர் வேண்டாம், ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்கிறேன், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தேடுகிறேன் என்றேன். இரண்டு வாரம் தந்திருக்கிறார்.

வகுப்பு கிடைத்துவிட்டது. விம்கோ நகரில் டீக்கடை வைத்திருக்கும் ரவியிடம் ஒரு குழுப் படம். எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, 1991. கண்ணாடிச் சட்டத்தில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால். கீழே எல்லார் பெயரும். கழற்றித் துடைத்துக் கொடுத்தான். டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் குனிந்துவிட்டார்கள்.

“இது யாருடா, மண்டையனா?”

“டேய், அது உன் மச்சான்டா. கண்ணு தெர்லியா?”

“மச்சானுக்கு அப்பவே முடி இல்ல போல.”

“இவன் பூட்டான். இவனும் பூட்டான். இத்தோ, இவன் சவுதில கீறான்.”

குறித்தவை:
பாலாஜி. ஒன்பதாவதோடு நின்றவன். கண்டெய்னர் லாரி கிளீனர். பின்னால் எடுக்கும்போது சக்கரம்.
ஜான்சன். எட்டோடு. வெல்டிங். ஷாக்.
துரை. எட்டோடு. மஞ்சள் காமாலை என்றார் ஒருவர். குடி என்றார் இன்னொருவர். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
சம்பத். பத்தாவது தவறியவன். “இருமி இருமியே பூட்டான் சார்.”
கல்லூரி வரை போனவர்களில் ஒருவன். ஸ்கூட்டர்.

பக்கத்தில் எண் போடக் கூடாது. ஒரு வகுப்பை வைத்து ஊருக்குக் கணக்குச் சொல்ல முடியாது. ராகவன் எண் கேட்பார்.

இரண்டாம் வரிசைக் கோடியில் இருவர், தோளில் கை போட்டுக்கொண்டு. நெட்டையாய், புருவத்தில் தழும்போடு நிற்பது குமரவேல். பக்கத்தில் பல்லைக் காட்டுவது மோகன். ஒரே பெஞ்ச், ஒரே தெரு. குமரவேல் பத்து பாஸ், மோகன் எட்டோடு நின்றவன். இப்போது எங்கே என்று கேட்டேன்.

“கீறாங்க சார்” என்றான் ரவி. மற்றவர்களுக்கெல்லாம் வேலை, சம்சாரம், வீடு மாறியது வரை சொன்னவன், இந்த இருவருக்கு மட்டும் கிளாஸ் கழுவப் போய்விட்டான்.

இரவு இடி. மழையில்லை.

ஜூலை 10, வியாழன்

கண்ணாடிக்குக் கால் மாற்றியாயிற்று. வலப்பக்கம் அழுத்துகிறது.

எண்ணூர் சாலையில் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்று. பெயர் இங்கும் வேண்டாம். படத்தில் உள்ள சிலர் அங்கே ஒப்பந்த வேலையில் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் ஷிப்ட் விடும் நேரம். உள்ளே போகும்போது நுழைவுப் பாஸை வாசல் கூண்டில் கொடுத்துவிட வேண்டும். திரும்பும்போது காவலாளி ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டுத் தருகிறார்.

“குமரவேல்!”

வந்து வாங்கியவன் நெட்டை இல்லை. புருவத்தில் தழும்பில்லை. சிரித்தபோது பல். படத்தில் பக்கத்தில் நிற்கிறவன். பன்னிரண்டு வருடம் தாண்டியும், பாதி உடம்பாகியும், அதே பல்.

மோகன் என்று மெல்லக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. நடையை மட்டும் கூட்டினான். முப்பது அடி போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமல். நிற்கவே இல்லை. காத்திருந்தேன்.

“யாரு சார் நீ?”

பத்திரிகை என்றேன். முகம் போய்விட்டது. ரவி கடைப் படம் என்றேன். கொஞ்சம் வந்தது.

“வூட்டாண்ட வா சார். இங்க வோணாம்.”

ஜூலை 11, வெள்ளி

மோகன் வீடு. ஒரே அறை. மனைவி செல்வி பன்னிரண்டாவது படித்தவள், தேரடிப் பக்கம் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்கிறாள். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, என் பேனாவை விடவில்லை.

மோகன் சொன்னது, வரிசையாக:

ஆலையில் ஒப்பந்த ஆளுக்கும் பத்தாவது தேறிய சான்றிதழ் வேண்டும். குமரவேலிடம் இருந்தது. பாஸ் போட்டான், இரண்டு வருடம் வேலை செய்தான். பிறகு கண்டெய்னர் யார்டில் நல்ல வேலை. பாஸை ஆலையில் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தத் தெருவில் யாரும் கொடுப்பதில்லை. வேலையை விடுகிறவன், பத்தாவது இல்லாத ஒருவனுக்குப் பாஸை விட்டுவிட்டுப் போவது வழக்கம். ஆள் எடுக்கும் மேஸ்திரிக்குத் தெரியும். பாஸில் படம் மங்கல். கூண்டில் யாரும் முகம் பார்ப்பதில்லை.

“மண்ணு தட்டறதுக்கு எதுக்கு சார் பத்தாவது? அச்ச ஒடச்சி மண்ண உதுக்கணும். அவ்ளோதான். கைக்குட்டய மூஞ்சில கட்டிகினு.”

இப்படிக் குமரவேல் ஆகி மூன்று வருடம். போன ஆண்டு இருமல், சளியில் ரத்தம். காப்பீட்டு மருந்தகத்துக்குப் போனான், டி.பி. என்றார்கள். காப்பீட்டு அட்டை பாஸோடு வருவது. அதனால் மாத்திரை அட்டையும் குமரவேல் பெயரில், குமரவேல் வீட்டு முகவரியில். வாரம் மூன்று நாள் அவர்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். மூன்று மாதம் விழுங்கினான். இருமல் நின்றது. ஓவர்டைம் வந்தது. இரண்டு வாரம் போகவில்லை.

விட்ட ஆளைத் தேடி மருந்தகத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், அட்டையில் இருந்த வீட்டுக்கு. அங்கே நிஜமான குமரவேல், லுங்கியோடு, திடமாக. எனக்கு ஒன்றும் இல்லை, போய்யா என்றிருக்கிறான். வந்தவர் ஆள் நலம், வர மறுக்கிறார் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அன்று மாலை குமரவேல் மோகனின் சட்டையைப் பிடித்திருக்கிறான். பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்.

“எம் பேர நாறடிச்சிட்டியேடா சோமாரின்னான். அதுக்கப்பால எப்டி சார் நான் அங்க போவேன்?”

பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காகத்தான் நான் வந்ததே.

“தெரியாம இன்னா? பூச்சி உசாராயிடும். அதே மாத்திர அப்பால வேல செய்யாது. செவுத்துலயே எழுதிகீதே சார். மூணு மாசம் அதத்தான பாத்துகினு நின்னேன்.”

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போது: படிக்காதவனுக்கு நோய் பற்றித் தெரியாது என்று எழுதத்தான் போனேன். மோகனுக்கு என்னைவிடத் தெரிகிறது. சான்றிதழ் இருந்தால் பாஸ். பாஸ் இருந்தால் காப்பீடு. காப்பீடு இருந்தால் மருந்து. மருந்து வந்தது குமரவேலுக்கு. இருமியது மோகன்.

மறுபடி ரத்தம் வருகிறதாம். இரண்டு வாரமாக.

ஜூலை 12, சனி

யார்டு வாசலில் குமரவேலைப் பார்த்தேன். நெட்டை, தழும்பு, சந்தேகமில்லை. ஒளிக்கவில்லை.

“அவன் எனுக்கு தோஸ்து சார். கணக்கு நோட்ட அவனப் பாத்துத்தான் எழுதுவேன். நல்லா படிப்பான், என்னிய விட. அவுங்க நைனாக்கு கை போச்சி, இவன் நின்ட்டான். அதுக்குத்தான் பாஸ குட்த்தேன். நோவையும் எம் பேர்லயே வச்சிக்கோன்னா குட்த்தேன்?”

ஆவணியில் கல்யாணம். பெண் வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள், மாப்பிள்ளைக்கு டி.பி. என்று பேச்சு வருகிறதே என்று.

மோகனுக்கு மறுபடி வந்திருக்கிறது என்றேன். யார்டுக்குள் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அவன் பேர்ல போவச் சொல்லு சார். எம் பேர இழுக்க வோணாம்” என்றான். பிறகு, “ஜல்தியா போவச் சொல்லு.”

பிலோமினாவுக்கு லாரித் தண்ணீர் மூன்று குடம். நான்காவது குடத்தை யாரோ மாற்றிவிட்டார்கள். பச்சைக்குப் பதில் நீலம்.

ஜூலை 14, திங்கள்

மோகனோடு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையம். முன்பு போன மருந்தகம் அல்ல, வேறு. லீவு போட்டு வந்திருந்தான். சொந்தப் பெயரைச் சொன்னான். சொல்லும்முன் ஒரு நொடி.

மாத்திரை தரும் பணியாளர் ரெஜினா. ஐம்பதுக்குப் பக்கம், கூட்டத்தை மிரட்டியே நடத்துகிறார். பின்னால் அலமாரியில் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஆளுக்கொரு பெட்டி, அதன் மருந்தை வேறு யாருக்கும் எடுப்பதில்லை. சிவப்பு, புதிதாய் வருகிறவர்களுக்கு. நீலம், முன்பு சாப்பிட்டுப் பாதியில் விட்டவர்களுக்கு. நீலம் என்றால் ஊசியும் உண்டு, இரண்டு மாதம், வாரம் மூன்று நாள், காலை ஒன்பது மணிக்கு. ஆலையில் முதல் ஷிப்ட் ஏழு மணி.

“இதுக்கு முன்னாடி டி.பி. மாத்திரை சாப்ட்டிருக்கியாப்பா? ஒரு மாசத்துக்கு மேல?”

“இல்லக்கா.”

“உண்மையச் சொல்லு. புதுசுன்னா ஒரு மருந்து, பழசுன்னா ஒரு மருந்து. மாத்திக் குடுத்தா உனக்குத்தான் கேடு.”

“புச்சுதாங்க்கா.”

ரெஜினா எழுதினார். சளிக்கு டப்பா கொடுத்தார். இன்னொன்று நாளைக் காலைக்கு. முடிவு புதன்கிழமை.

நான் ஒன்றரை அடி தள்ளி நின்றேன்.

வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

“எங்க சாப்ட்டன்னு கேப்பாங்க. மர்ந்தகத்துல கேப்பாங்க, அங்கேர்ந்து ஆலக்கி போவும். எங்க தெருல அந்த மாதிரி எத்தினி பாஸ் கீதுன்னு உனுக்குத் தெர்மா சார்? எல்லாத்தியும் எட்த்து பாப்பாங்க. அத்தினி வூட்லயும் ஒல நிக்கும். எனுக்கு ஒர்த்தனுக்காவ.”



ஜூலை 15, செவ்வாய்

அலுவலகத்துக்குப் போன் செய்ய செல்வியின் பூத்துக்கே போனேன். வேறு பூத் இருந்தது. ராகவன் பக்கம் எப்போது, படம் உண்டா, எத்தனை பேர் செத்தார்கள் என்றார். இன்னும் முடியவில்லை என்றேன்.

செல்வி ரசீதைக் கிழித்தபடியே கேட்டாள்.

“நேத்து அங்க இன்னா சொன்னாரு?”

புதிது என்று சொன்னார் என்றேன்.

“நீங்க கூட நின்னீங்களா?”

“ஆமாம்.”

“நின்னுகினு இன்னா சார் பண்ணீங்க?”

“குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.”

என்னையே பார்த்தாள். உள்ளே ஒருவர் பம்பாய் லைனில் கத்திக்கொண்டிருந்தார்.

“அவருக்கு செவப்புப் பெட்டி குட்த்தா இன்னா ஆவும்?”

தெரிந்ததைச் சொன்னேன். பழைய மருந்துக்கே பழகிய நோய்க்கு அதே மருந்து. கொஞ்ச நாள் கேட்கிற மாதிரி இருக்கும். பிறகு எதற்கும் கேட்காமல் போகலாம்.

“அப்ப தெரிஞ்சேதான் நின்னீங்க.”

முப்பது வருடமாக எங்கள் தொழிலில் ஒரு விதி: நடக்கிறதில் கை வைக்காதே. இளையவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

வெயில். மூச்சு முட்டும் புழுக்கம். ஒன்பதுக்கே போய்விட்டேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். எனக்கு முன்னால் செல்வி வந்திருந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்து. பூத்தைச் சாத்திவிட்டு வந்தாளாம். மோகன் அவளுக்குப் பின்னால், தரையைப் பார்த்துக்கொண்டு. சளியில் கிருமி இருக்கிறது என்று ரெஜினா சொல்லி முடித்திருந்தார். சிவப்புப் பெட்டியை எடுத்துப் பெயர் எழுதப் போகும் நேரம்.

“அக்கா, அது வோணாம். இவுரு முன்னாடியே சாப்ட்டுகீறாரு. மூணு மாசம். உட்டுட்டாரு.”

“செல்வி” என்றான் மோகன்.

“நீ சும்மா இரு.”

ரெஜினா மூடியைப் பேனாவில் மாட்டினார்.

“எங்க?”

“அத மட்டும் கேக்காதீங்கக்கா. வேற பேர்ல. இன்னும் கேட்டீங்கன்னா எங்க தெருக்கே பேஜாரு.”

கூட்டம் காது கொடுத்தது. ரெஜினா நிமிர்ந்து, “இன்னா வேடிக்க? உக்காருங்க எல்லாம்” என்று ஒரு சத்தம். பிறகு குரலை இறக்கினார்.

“எனக்கு ஊரும் வேணாம், பேரும் வேணாம். நான் இன்னா போலீசா? எத்தன மாசம், எத்தன மாத்திரை, விட்டு எவ்ளோ நாளாச்சி. அது போதும். வெளில சாப்ட்டான்னு எழுதிக்கறேன். டாக்டர் பாக்கட்டும்.”

மூன்று நாளாக மோகன் பயந்த கேள்வி இவ்வளவுதான். ஒரு வருடமாக என்று சொல்ல வேண்டும்.

டாக்டர் பார்த்தார். நீலப் பெட்டி. மேலே கொட்டை எழுத்தில் மோகன், கீழே வீட்டு எண், தெரு. மோகன் அதை இரண்டு தரம் படித்தான். குழந்தையை வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும், எடை பார்க்க, மருந்து வேண்டுமா என்று பார்க்க.

நான் சொல்ல எதுவும் மிச்சமில்லை. செல்வி போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

காலை ஒன்பது மணி ஊசியோடு ஏழு மணி ஷிப்ட் நடக்காது. மோகன் நேற்றே போய் மேஸ்திரியிடம் சொன்னானாம். பதில்: “ரைட்டு மாமு. ஊசிய நீ வச்சிக்கோ, பாஸ இங்க குடு.” திட்டவில்லையாம். தோளில் தட்டினானாம். அன்று மாலையே அடுத்த ஆள் தயார். தெற்குத் தெருவில் ஆறாவதோடு நின்றவன்.

ராகவனிடம் பேசினேன். பாஸ் விஷயம்தான் உண்மையில் செய்தி என்று எனக்குத் தெரியும். போட்டால் தெருவே வெளியே. போடாவிட்டால் நான் கண்டுபிடித்த ஒன்றும் இல்லை. ஆலை, பாஸ், பெயர் எதுவும் இல்லாமல் எழுதுகிறேன் என்றேன்: பத்தாவது கேட்கும் வேலைகளில் எதற்குப் பத்தாவது என்று மட்டும்.

“அதுல சாவு எங்க சார் வருது?” என்றார்.

வருகிறது என்றேன். நம்பவில்லை. அரைப் பக்கம் தருகிறார்.

மின்கட்டணம் கட்டியாயிற்று. அபராதத்தோடு.

ஜூலை 18, வெள்ளி

காலை ஏழரைக்கு ரெஜினா மோகன் வீட்டுக்கு வந்தார். மருந்து தொடங்குமுன் வீட்டைப் பார்ப்பது அவர்கள் முறை. போன ஆண்டு மருந்தகத்து ஆள் இப்படிப் பார்க்க வந்தபோது, குமரவேல் வீட்டில் அவன் அம்மா ஆமாம், குமரவேல் எம்புள்ளதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பொய்யில்லை.

ரெஜினா கதவுப் பக்கம், குழாய், எதிர்வீட்டுக்காரி பெயர் எல்லாம் கேட்டு எழுதினார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறக்க வரவில்லை. ஓங்கி ஒரு குத்து விட்டார், திறந்தது.

ஒன்பதுக்கு முதல் ஊசி. இடுப்பைத் தேய்த்துக்கொண்டே ஏழு மாத்திரைகளையும் விழுங்கினான். குழந்தை எடை சரி.

வெளியே புளியமரத்தடியில் குமரவேல், யார்டுச் சீருடையில். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

“வலிக்குதாடா?”

“உனுக்கு போட்டா தெரியும்.”

“எனுக்குத்தான் போன வருசமே எல்லாம் போட்டாச்சே. கார்டுல பாரு.”

இருவரும் சிரித்தார்கள். மோகனுக்கு இருமல் வந்துவிட்டது.

ஜூலை 21, திங்கள்

இரண்டாவது ஊசி. வந்தான். பகலெல்லாம் வீட்டில் இருப்பதுதான் தாங்கவில்லையாம். மாத்திரை வாந்தி.

நேற்று அரைப் பக்கம் வந்தது. தலைப்பை மாற்றிவிட்டார்கள். ரவி கடையில் அதில் வடை மடித்துக் கொடுத்தான், பார்த்துத்தான் செய்தானோ தெரியவில்லை.

மாலை ஐந்துக்கு நல்ல மழை, அரை மணி நேரம். பிலோமினா எல்லாக் குடத்தையும் மாடியில் வைத்தாள்.

ஜூலை 23, புதன்

கட்டுரை முடிந்துவிட்டது. எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் ஒன்பதுக்குப் போனேன்.

மோகன் வரவில்லை. ஒன்பதரை. நீலப் பெட்டி மேசை மேல். பத்து. ரெஜினா மற்றவர்களை முடித்து அனுப்பினார், கையைக் கழுவினார், குடையை எடுத்தார்.

“வரீங்களா?” என்றார். பையை நான் வாங்கிக்கொண்டேன். முப்பது வருடத்தில் முதல் தடவை. நோட்டுப் புத்தகம் உள்ளே கிடந்தது.

அட்டையைப் பார்க்கவில்லை அவர். தேரடி, குழாய், எதிர்வீட்டுக்காரி. நேராகப் போனார்.

கதவு திறந்திருந்தது. மோகன் பாயில் குப்புறப் படுத்திருந்தான். செல்வி வேலைக்குப் போயிருந்தாள்.

“வூட்ல இல்லன்னு எழுதிகினு போய்டுங்கக்கா.”

“வூட்ல இருக்கியே.”

“எனுக்கு முடில.”

“தெரியும். எல்லாருக்கும் மூணாவது ஊசில முடியாது. எந்திரி.”

அசையவில்லை. ரெஜினா குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார்.

“இன்னிக்கி விட்டா நாளைக்கும் வருவேன். நாளான்னிக்கும் வருவேன். ஆள் மாறிப் போச்சின்னு யாரும் எங்கிட்ட சொல்ல முடியாது. சட்டைய மாட்டு. வாசல்ல நிக்கிறேன்.”

நின்றார்.